வீடியோவை இரண்டு நொடியில் தள்ளிவிடுகிறவர்கள் வேலையில் நிலைப்பார்களா?

ஒரு டீமை நடத்துகிறவர் கேட்ட கேள்வி இது. அவருக்குக் கீழே வேலை செய்யும் இளைஞர்கள் நீளமான மெயிலைப் படிப்பதில்லை. கொஞ்சம் ஓய்வு கிடைத்தால் ரீல்ஸ். மீட்டிங் பத்து நிமிடம் தாண்டினால் கண் போனுக்குப் போகிறது. வேலை பழகி முடிப்பதற்குள் வேறு இடத்துக்குக் கிளம்பிவிடுகிறார்கள். ஸ்க்ரோல் செய்து செய்து பொறுமை போய்விட்டதா, அதுதான் வேலையிலும் தெரிகிறதா, அலுவலகத்தில் போனைத் தடை செய்தால் சரியாகுமா என்று கேட்கிறார்.

அவர்கள் ஊடகம் பார்க்கிற விதத்துக்கும் வேலை செய்கிற விதத்துக்கும் தொடர்பு உண்டு என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால் அந்தத் தொடர்பு நீங்கள் தேடுகிற இடத்தில், அதாவது பொறுமையில், இல்லை. வேலையைப் பற்றி அவர்களுக்கு முன்கூட்டியே எவ்வளவு தெரிந்திருக்கிறது, ஒரு வேலையை அவர்கள் எப்படிக் கற்றுக்கொள்ளப் பார்க்கிறார்கள் என்ற இரண்டு இடங்களில்தான் இருக்கிறது. வேலை மாறுவதற்குக் காரணம் பெரும்பாலும் சம்பளமும் வயதும்தான். புதிதாகச் சேர்கிறவர்களுக்கு ரொம்ப நாள் பயிற்சி கொடுத்தவன் என்ற முறையில் சொல்கிறேன், போனைத் திட்டுவது சுலபமாக இருப்பதால்தான் எல்லாரும் அதையே செய்கிறோம்.

முதலில் இந்தக் கவனச் சிதறல் கதையைப் பார்த்துவிடலாம். மனிதனின் கவனம் 8 நொடியாகக் குறைந்துவிட்டது, தங்கமீனைவிடக் குறைவு என்று ஒரு செய்தி பத்து வருடமாகச் சுற்றுகிறது. 2015இல் மைக்ரோசாஃப்டின் கனடா பிரிவு வெளியிட்ட ஓர் அறிக்கையில் இருந்து அது பரவியது. அந்த எண்ணுக்கு அடியில் உருப்படியான ஆய்வு எதுவும் இல்லை என்று பிறகு தேடிப் பார்த்தவர்கள் சொல்லிவிட்டார்கள். தங்கமீனின் கவனத்தை யார் அளந்தார்கள் என்று யாரும் கேட்கவில்லை என்பதுதான் இதில் வேடிக்கை.

உண்மையிலேயே அளந்தவர்களும் உண்டு. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் குளோரியா மார்க் இருபது வருடமாக இதையே செய்கிறார். 2004 வாக்கில் கணினியில் வேலை செய்கிற ஒருவர் ஒரு திரையில் சராசரியாக இரண்டரை நிமிடம் நின்றார். சமீப ஆண்டுகளில் அது 47 நொடி அளவுக்கு வந்துவிட்டது. இந்த எண்ணைச் சொல்லி இளைஞர்களைக் குறை சொல்கிறவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. அவர் பின்தொடர்ந்து அளந்தது பெரும்பாலும் அலுவலகங்களில் வேலை பார்க்கும் பெரியவர்களை. மெயில், சாட், இன்னொரு மெயில் என்று தாவிக்கொண்டே இருந்தவர்கள் நீங்களும் நானும்தான்.

அப்படியானால் இளைஞர்களிடம் என்னதான் மாறியது? நிராகரிக்கிற வேகம். இதைப் புரிந்துகொள்ள அவர்கள் கையில் இருக்கும் கருவி எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க வேண்டும். டிவி காலத்தில் ஒரு நிகழ்ச்சி பிடிக்கவில்லை என்றால் மாற்றுவதற்கு நாலைந்து சேனல். இருப்பதைப் பார்த்தோம். 2006இல் ஏஸா ராஸ்கின் என்ற வடிவமைப்பாளர், பக்கத்தின் அடி வரவே வராமல் கீழே இழுக்க இழுக்க வந்துகொண்டே இருக்கும் முறையை உருவாக்கினார். அதன் விளைவுகளுக்காகப் பிற்காலத்தில் அவரே வருந்தியதுண்டு. 2016இல் இன்ஸ்டாகிராம் பதிவுகளை நேர வரிசையில் காட்டுவதைக் கைவிட்டு, நமக்குப் பிடிக்கும் என்று தான் கணிப்பதை மேலே கொண்டுவந்தது. அதே வருடம் சீனாவில் டோயின் என்ற குறுவீடியோ செயலி வந்தது. அடுத்த வருடம் அதன் வெளிநாட்டு வடிவமாக டிக்டாக். 2020இல் இன்ஸ்டாகிராம் ரீல்ஸ், யூடியூப் ஷார்ட்ஸ்.

டிக்டாக் கொண்டுவந்த மாற்றம் வீடியோவின் நீளம் என்றுதான் பொதுவாக நினைக்கிறார்கள். ஆறு நொடி வீடியோக்களை வைன் என்ற செயலி 2013லேயே ஓட்டிப் பார்த்துவிட்டது. டிக்டாக்கில் புதிதாக இருந்தது தேர்வு நடக்கிற விதம். நீங்கள் யாரையும் பின்தொடர வேண்டாம், எதையும் தேட வேண்டாம். ஒரு வீடியோவில் விரல் எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதைப் பார்த்தே அடுத்தது வருகிறது. பார்க்கிறவருக்கு ஒரு வீடியோவைச் சோதித்துப் பார்க்கச் செலவே இல்லை; பிடிக்காவிட்டால் விரலை ஒரு தடவை மேலே தள்ளினால் போதும். இப்படி வளர்ந்தவர்களுக்கு "முதல் சில நொடியில் இது எனக்கு எதற்கு என்று சொல்லு, இல்லையென்றால் நகர்கிறேன்" என்பது சுபாவமாகிவிடுகிறது. நிராகரிப்பதில் அவர்களுக்குக் கூச்சமே இல்லை.

அதே ஆள் மூன்று மணி நேர பாட்காஸ்டை முழுதாகக் கேட்கிறான். ஒரு பழைய வீடியோ கேமைப் பற்றி யாரோ நாலு மணி நேரம் அலசியதை இரண்டு இரவில் பார்த்து முடிக்கிறான். கொரிய நாடகத்தை சப்டைட்டிலோடு பதினாறு எபிசோடும் உட்கார்ந்து பார்க்கிறாள். சப்டைட்டில் என்றதும் நினைவுக்கு வருகிறது: 2021இல் பிரிட்டனில் ஸ்டேஜ்டெக்ஸ்ட் என்ற அமைப்பு எடுத்த கணக்கெடுப்பில் 18 முதல் 25 வயதுக்காரர்களில் ஐந்தில் நாலு பேர் சப்டைட்டில் பயன்படுத்துவதாகச் சொன்னார்கள். காது நன்றாகக் கேட்கிறவர்கள்தான் இவர்களில் பெரும்பாலோர். காதால் ஒரு முறை, கண்ணால் ஒரு முறை என்று ஒரே விஷயத்தை இரட்டையாக வாங்கிக்கொள்கிறார்கள். பாட வீடியோவை இரட்டை வேகத்தில் பார்ப்பதும் அப்படித்தான். லாஸ் ஏஞ்சலஸில் கல்லூரி மாணவர்களை வைத்துச் செய்த ஆய்வில் 2 மடங்கு வேகம் வரைக்கும் புரிதல் பெரிதாகக் குறையவில்லை. அதைத் தாண்டினால்தான் குறைந்தது. மெதுவாகப் பேசுகிறவரைக் கேட்டுக்கொண்டிருப்பது அவர்களுக்கு ஏன் அவ்வளவு கஷ்டம் என்பதற்கு இதில் பாதி விடை இருக்கிறது.

அடுத்தது, அவர்கள் யாரை நம்புகிறார்கள் என்பது. வேலையோடு நேரடியாக ஒட்டுவது இதுதான் என்பது என் கணிப்பு. ராய்ட்டர்ஸ் இன்ஸ்டிட்யூட் 2023இல் வெளியிட்ட செய்தி அறிக்கை, டிக்டாக், இன்ஸ்டாகிராம் போன்ற தளங்களில் செய்திக்காகப் பத்திரிகையாளர்களைவிட பிரபலங்களையும் இன்ஃப்ளூயன்ஸர்களையும் சாதாரண ஆட்களையும்தான் மக்கள் அதிகம் கவனிக்கிறார்கள் என்றது. அதற்கு முந்தைய வருடம் கூகுளின் மூத்த அதிகாரி பிரபாகர் ராகவன் ஒரு மேடையில், சாப்பிட இடம் தேடும் இளைஞர்களில் ஏறக்குறைய 40 சதவீதம் பேர் கூகுள் பக்கம் வராமல் டிக்டாக், இன்ஸ்டாகிராம் போகிறார்கள் என்று சொன்னார். தேடலையே தொழிலாகக் கொண்ட நிறுவனத்தின் வாயில் இருந்து இது வந்ததை யோசியுங்கள். கூகுளின் ஜிக்சா பிரிவோடு சேர்ந்து ஆய்வாளர்கள் செய்த இன்னொரு வேலையில், இளைஞர்கள் தகவலைத் தேடிப் போவதைவிட வழியில் அதைச் சந்திப்பதே அதிகம், கேட்டது சரியா என்று முடிவுசெய்யக் கமென்ட்டுகளைத்தான் பார்க்கிறார்கள் என்று தெரிந்தது. வீடியோ பாதி ஓடும்போதே கமென்ட்டைத் திறந்து "இவர் சொல்வது நிஜம்தானா" என்று ஊர் என்ன சொல்கிறது என்று பார்த்துவிடுகிறார்கள். நிறுவனத்தின் பெயர் பெரிதாகத் தெரிவதில்லை. அனுபவப்பட்ட ஒரு முகம் பேசினால் எடுபடுகிறது.

இதை அப்படியே வேலைக்குப் பொருத்திப் பாருங்கள். முன்பு ஒருவர் ஒரு நிறுவனத்தில் சேரும்போது அதைப் பற்றி அவருக்குத் தெரிந்தது விளம்பரமும், அங்கே வேலை செய்யும் தூரத்துச் சொந்தக்காரர் சொன்னதும்தான். இன்று சேர்கிறவர் உள்ளே வரும் முன்பே அதே மாதிரியான வேலையில் இருக்கும் ஐம்பது பேரின் நாளைப் பார்த்துவிட்டார். காலையில் எழுவதில் இருந்து லேப்டாப்பை மூடுவது வரை. அவர்களின் சம்பளம் என்ன, அப்ரைசலில் என்ன சொன்னார்கள், ராஜினாமா செய்த அன்று மேனேஜர் முகம் எப்படிப் போனது என்பது வரை எல்லாம். 2024 ஜனவரியில் ஓர் இளம்பெண் தன்னை வேலையை விட்டு நீக்கும் வீடியோ அழைப்பையே பதிவு செய்து வெளியிட்டார். "என் மேனேஜர் நன்றாகத்தானே சொன்னார், காரணம் என்ன" என்ற ரீதியில் அவர் கேட்கிறார். எதிரில் இருப்பவர்களிடம் பதில் இல்லை. லட்சக்கணக்கானோர் அதைப் பார்த்தார்கள். அதைப் பார்த்த இருபத்திரண்டு வயதுக்காரரிடம் போய் "கம்பெனி ஒரு குடும்பம்" என்றால் அவர் சிரிக்காமல் இருப்பதே மரியாதைதான்.

அதனால்தான் இவர்கள் நேர்காணலிலேயே சம்பளம், விடுமுறை, வாரத்தில் எத்தனை நாள் அலுவலகம் வர வேண்டும் என்று கேட்டுவிடுகிறார்கள். பழைய ஆட்களுக்கு இது திமிராகப் படுகிறது. சட்டங்களே இப்போது அந்தப் பக்கம்தான் நகர்கின்றன. ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் கொண்டுவந்த விதி, ஆளை எடுக்கும் முன்பே சம்பள வரம்பைச் சொல்லிவிட வேண்டும் என்கிறது. வேலை நேரம் முடிந்தபின் மெயிலுக்குப் பதில் சொல்லாமல் இருக்கும் உரிமையை பிரான்ஸ் 2017இல் இருந்தும் ஆஸ்திரேலியா 2024இல் இருந்தும் தருகின்றன. இந்தச் சட்டங்களை எழுதியவர்கள் யாரும் இருபது வயதுக்காரர்கள் இல்லை.

சரி, தாவுவதற்கு வருவோம். அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவரத் துறை நெடுங்காலமாக ஒரு கணக்கு வைத்திருக்கிறது. 25 முதல் 34 வயது வரையிலான ஊழியர்கள் ஒரே முதலாளியிடம் இருந்த இடைநிலைக் காலம் (பாதிப் பேர் இதைவிடக் குறைவு, பாதிப் பேர் அதிகம்) 1983இல் 3.0 வருடம். 2022இல் 2.8 வருடம். நாற்பது வருடத்தில், போனே இல்லாத காலத்தில் இருந்து ரீல்ஸ் காலத்துக்கு வந்தபோது, குறைந்திருப்பது இரண்டரை மாதத்துக்கும் குறைவுதான். அன்றைய இளைஞர்களும் தாவிக்கொண்டுதான் இருந்தார்கள். இன்று மேனேஜராக இருப்பவர்களில் பலர் அன்று தாவியவர்களேதான், மறந்துவிட்டார்கள்.

தலைமுறை பற்றிப் பேசும்போது மூன்று விஷயங்கள் ஒன்றோடு ஒன்று சிக்கிக்கொள்கின்றன. ஒன்று வயது: இருபத்தைந்தில் யாரும் எந்தக் காலத்திலும் கொஞ்சம் அலைபாய்வார்கள். இன்னொன்று காலம்: விலைவாசியும் வேலைச் சந்தையும் மாறும்போது எல்லா வயதினரும் மாறுகிறார்கள். மூன்றாவதுதான் தலைமுறை, அதாவது அந்த ஆண்டுகளில் பிறந்ததாலேயே வருவது. ஓர் ஆண்டில் எடுத்த கணக்கெடுப்பை வைத்து இந்த மூன்றையும் பிரிக்க முடியாது. ஆய்வாளர் டேவிட் கோஸ்டான்ஸாவும் மற்றவர்களும் 2012இல், அதுவரை வந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, வேலைத் திருப்தி, விசுவாசம், விலகும் எண்ணம் ஆகியவற்றில் தலைமுறைகளுக்கு இடையே வித்தியாசம் சிறியது முதல் மிதமானது வரைதான், பலவற்றில் கிட்டத்தட்ட இல்லை என்றார்கள். 2020இல் அமெரிக்க தேசிய அறிவியல் அகாதமிகளின் அறிக்கை, ஊழியர்களை நிர்வகிக்கத் தலைமுறைக்கு வைக்கும் பெயர்கள் உதவாது என்றது. இன்றைய இளைஞர்களின் தலைமுறையான ஜென் ஸீ 1997இல் பிறந்தவர்களோடு தொடங்குகிறது என்று கோடு போட்ட அமெரிக்காவின் பியூ ஆய்வு மையமே 2023இல், இனி இந்தப் பெயர்களை எச்சரிக்கையோடுதான் பயன்படுத்துவோம் என்று சொல்லிவிட்டது. ஆனால் தலைமுறை ஆலோசகர்கள் என்று ஒரு தொழிலே நடக்கிறது, அவர்களுக்கும் பிழைப்பு வேண்டுமே.

வேலை மாறுவதில் பண விஷயம் ஒன்று இருக்கிறது, இதை மேனேஜர்கள் கண்டுகொள்வதே இல்லை. கனடாவின் கல்லூரிப் பட்டதாரிகளை வைத்து 2012இல் வெளியான ஓர் ஆய்வு, பொருளாதாரம் படுத்திருக்கும் வருடத்தில் படிப்பை முடித்தவர்களின் வருமானம் தொடக்கத்தில் சுமார் 9 சதவீதம் குறைகிறது, அந்தப் பள்ளம் நிரவப் பத்து வருடம் வரை ஆகிறது என்று காட்டியது. எப்படி நிரவியது? ஓரளவுக்கு, நல்ல சம்பளம் தரும் வேறு நிறுவனங்களுக்கு மாறித்தான். 2008 நெருக்கடியிலும் 2020 கொரோனாவிலும் வேலைக்கு வந்தவர்கள் இதை ஆய்வாகப் படிக்கத் தேவையில்லை, அண்ணனையும் அக்காவையும் பார்த்தே தெரிந்துகொண்டார்கள்.

2021 ஏப்ரலில் சீனாவில் ஓர் இணையப் பதிவில் இருந்து 'படுத்துக்கிட' என்ற ஒரு மனநிலை பரவியது: ஓடுவதால் வீடு வாங்க முடியப்போவதில்லை, அப்புறம் எதற்கு ஓட வேண்டும்? காலை 9 முதல் இரவு 9 வரை வாரம் 6 நாள் என்ற வழக்கத்துக்கு எதிரான சலிப்பு அது. அதே வருடம் ஆகஸ்ட்டில் அந்த வேலை நேரம் சட்டவிரோதம் என்று சீனாவின் உச்ச மக்கள் நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. அடுத்த வருடம் ஜூலையில் டிக்டாக்கில் குவயட் க்விட்டிங் கிளம்பியது. சம்பளத்துக்கு உரிய வேலையை மட்டும் செய், அதற்கு மேல் இல்லை. பழைய தொழிற்சங்கக்காரர்களுக்கு இது அதிசயமாக இருக்காது. விதிப்படி வேலைப் போராட்டத்தை அவர்கள் கூட்டமாகச் செய்தார்கள். இவர்கள் சங்கம் இல்லாமல் தனித்தனியாகச் செய்கிறார்கள், ஒருவரை ஒருவர் வீடியோவில் பார்த்துக்கொண்டு. ஆலோசனை நிறுவனமான டெலாய்ட் 2025இல் நடத்திய கணக்கெடுப்பில் தலைமைப் பதவியை அடைவதே தன் முதன்மைத் தொழில் இலக்கு என்று சொன்ன ஜென் ஸீயினர் 6 சதவீதம்தான். மேனேஜர் படும் பாட்டையும் அவர்கள் வீடியோவில் பார்த்துவிட்டார்கள் போல.

இவ்வளவும் அவர்கள் பக்கம் பேசினேன். ஊடகப் பழக்கம் அவர்களுக்கு உண்மையிலேயே கெடுதல் செய்யும் இடம் ஒன்று இருக்கிறது. அது கற்றல்.

யூடியூப் பார்த்தே எக்செல் முதல் எடிட்டிங் வரை படித்துவிட்டு வருகிறார்கள். நம்மைவிட வேகமாக, கேட்காமலேயே. ஆனால் டுடோரியலில் எப்போதும் விடை தெரிந்த ஒருவர் விடையை நோக்கிக் கூட்டிப் போகிறார். தடுமாறிய இடமெல்லாம் எடிட்டில் வெட்டப்பட்டுவிட்டது. வேலையில் பெரும்பகுதி அந்த வெட்டப்பட்ட இடம்தான். வாடிக்கையாளர் என்ன கேட்கிறார் என்று அவருக்கே தெரியாது, மூன்று நாள் போராடினாலும் பிழை எங்கே என்று தெரியாது, எடுத்த வழி தவறு என்று இரண்டு வாரம் கழித்துத் தெரியும். இந்த மங்கலான இடத்தில் உட்கார்ந்திருக்கப் பழகாதவர்கள், தனக்குத் திறமை இல்லை என்றோ வேலை சரியில்லை என்றோ சீக்கிரம் முடிவுகட்டிவிடுகிறார்கள். இரண்டு முடிவும் தவறாக இருக்கலாம்.

மௌனத்தைப் படிப்பதும் அப்படித்தான். ஏதாவது பதிவிட்டால் சில நிமிடத்தில் லைக் வரும், வராவிட்டால் அது தோற்றுவிட்டது என்று அர்த்தம். அந்தப் பழக்கத்தில் வளர்ந்தவர் ஓர் அறிக்கை எழுதி உங்களுக்கு அனுப்புகிறார். நீங்கள் நன்றாக இருக்கிறது என்பதால் ஒன்றும் சொல்லாமல் மேலே அனுப்பிவிடுகிறீர்கள். அவர் கணக்கில் அது நிராகரிப்பு.

இந்த இரண்டையும் முன்பு சரிசெய்தது பக்கத்து நாற்காலி. மூத்தவர் போனில் கோபக்கார வாடிக்கையாளரைச் சமாளிப்பது காதில் விழும். அவரும் தடுமாறுவது தெரியும். வீட்டில் இருந்து வேலை என்று வந்தபின் இதுதான் முதலில் போனது. ஒரு பெரிய நிறுவனத்தின் மென்பொருள் பொறியாளர்களை ஆராய்ந்த நடாலியா இமானுவேல், எம்மா ஹாரிங்டன், அமாண்டா பலேய்ஸ் மூவரும், டீமோடு ஒரே கட்டடத்தில் உட்கார்ந்த புதியவர்களுக்குத் தங்கள் வேலை மீது கூடுதல் திருத்தங்களும் குறிப்புகளும் கிடைத்தன, சொல்லித்தரும் மூத்தவர்களின் அன்றைய உற்பத்தி மட்டும் கொஞ்சம் குறைந்தது என்று கண்டார்கள். யாரோ ஒருவர் தன் நேரத்தைக் கொடுத்தால்தான் இன்னொருவர் கற்கிறார். இப்போது இன்னொரு சிக்கலும் சேர்ந்திருக்கிறது. புதியவர்கள் கை பழகும் சின்னச் சின்ன வேலைகளை ஏஐ எடுத்துக்கொள்கிறது. ஸ்டான்ஃபோர்டின் எரிக் பிரின்யால்ஃப்சன் குழு 2025இல் வெளியிட்ட அமெரிக்கச் சம்பளப் பட்டியல் ஆய்வில், ஏஐ தாக்கம் அதிகமுள்ள தொழில்களில் 22 முதல் 25 வயதுக்காரர்களின் வேலைவாய்ப்பு மற்றவர்களோடு ஒப்பிட்டால் 13 சதவீதம் சரிந்திருந்தது. ஏணியின் முதல் படி ஆடும்போது அதில் நிற்கவில்லையே என்று கோபித்துக்கொள்வதில் பயனில்லை.

உங்கள் டீமுக்கு என்ன செய்யலாம் என்றால், மெயிலில் தொடங்குங்கள். முதல் வரியிலேயே இது யாருக்கு, என்ன செய்ய வேண்டும், எப்போதைக்குள் என்று சொல்லிவிடுங்கள். பின்னணியைக் கீழே எத்தனை பத்தி வேண்டுமானாலும் எழுதலாம். முதல் வரி பிடித்தால் மீதியைப் படிப்பார்கள். பயிற்சியை மட்டும் ரீல்ஸ் மாதிரி வெட்டிக் கொடுக்காதீர்கள், பல இடங்களில் இந்தத் தவறைச் செய்கிறார்கள். படிகளுக்கு வீடியோ போதும். யோசித்து முடிவெடுக்க வேண்டிய வேலைக்கு, வாரத்தில் ஒரு நாளாவது நீங்கள் விடை தெரியாமல் திணறும்போது அவர்களைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். பதில் சொல்ல நேரமாகும் என்றால் அதையாவது சொல்லுங்கள்: "வியாழன் பார்க்கிறேன்" என்ற இரண்டு சொல்லுக்கு நல்ல மதிப்பு இருக்கிறது. சம்பளம் அடுத்து எப்போது, எதை வைத்து ஏறும் என்று எழுத்தில் கொடுத்தால் தாவுகிறவர்களில் சிலராவது நிற்பார்கள். உங்களால் ஏற்ற முடியாது என்றால் அவர்கள் போவதுதான் சரியான முடிவு, அதைத் தடுக்க வேறு வழி தேடாதீர்கள்.

கடைசியாகப் போன் தடை. நான் செய்ய மாட்டேன். குளோரியா மார்க்கின் ஆய்வுகளில், வேலையின் நடுவே வந்த தடங்கல்களில் பாதிக்குச் சற்றுக் குறைவானவை ஆட்கள் தாங்களாகவே வேலையை நிறுத்திக்கொண்டவை. மீதி வெளியில் இருந்து வந்தவை: கூப்பிடும் சக ஊழியர்கள், போன், மெயில். உங்கள் டீமின் குரூப்பை ஒரு வேலைநாளில் திறந்து, காலையில் இருந்து மாலை வரை உங்களிடமிருந்து போன செய்திகளை எண்ணுங்கள். அதில் எத்தனை மறுநாள் வரை காத்திருக்கக்கூடியவை என்று பிரித்துவிட்டு, முதலில் அவற்றை நிறுத்திப் பாருங்கள்.